வேகன் ஆர் இன்ஜெக்டரை வீட்டிலேயே மாற்றலாமா? மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரை | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 வேகன் ஆர், மூன்று சிலிண்டர் பெட்ரோல், 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். பெட்ரோல் அந்தப் பக்கம் விலை குறைவு என்பதால் நம்மூர்க்காரர்கள் பலரையும் போல முள்ளோடை தாண்டித்தான் டேங்க் நிரப்புவேன். அவசரத்துக்கு இந்தப் பக்கமும் போடுவதுண்டு.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. அதற்கு அடுத்த வாரம், தென்பெண்ணை வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு பங்க்கில் டேங்க் நிரப்பினேன். பத்து கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இருமத் தொடங்கியது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே அப்பாவின் ஆபரேஷனுக்காகச் சென்னை போக வேண்டியதாயிற்று. ஆறு வாரம் வண்டி வாசலிலேயே நின்றது.

திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால், ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, ஷேர் ஆட்டோ மாதிரி அதிர்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டியின் கோளாறு எண்ணைப் போனில் காட்டும் ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்தேன். பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைக்கூட முழுதாகத் தூக்கவில்லை, "மூணு இன்ஜெக்டரும் மாத்தணும், பதினோராயிரம் ஆகும்" என்றார்கள். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குப் பெட்ரோல் தூவும் ஊசி. பணம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும், பார்க்காமலே சொன்னதுதான் உறுத்துகிறது.

பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். இன்ஜெக்டரையும் வாசலிலேயே மாற்றிவிடலாமா?

முள்ளோடை_தாண்டி | சனி, இரவு 9.52

எந்த பங்க்? பெயரைப் போடுங்க, நாங்களும் தப்பிச்சிக்கிறோம்.

நெறியாளர் | சனி, இரவு 10.05

பங்க் பெயர் வேண்டாம். தண்ணீர் எங்கே கலந்தது என்று இங்கே யாராலும் நிரூபிக்க முடியாது. வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

ஸ்பேனர்12 | சனி, இரவு 10.31

தம்பி, மாற்றலாம். உன் வண்டியில் இன்ஜெக்டர் மேனிஃபோல்டு பக்கம், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய் பக்கம், உட்கார்ந்திருக்கிற பழைய முறைதான். ரயில் என்றால் மூன்று இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய், அதற்குள் மூன்று, நாலு பார் அழுத்தம் இருக்கும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார், கணக்குப் பண்ணிக்கொள். கையால் செய்யக்கூடிய வேலைதான்.

ஆனால் மாற்றலாமா என்று கேட்பதற்கு முன்னால், மாற்ற வேண்டுமா என்று கேள். முதலியார்பேட்டையில் 22 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். இன்ஜெக்டர் போய்விட்டது என்று என்னிடம் வருகிற பத்து வண்டியில் ஐந்தாறில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோ, பிளக்கோ, ஒயர் சொருகும் கப்ளரோதான் போயிருக்கும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

நாளைக்குக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது இதைச் செய். இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடு, மூன்றாவதை இரண்டில் போடு. கோளாறு எண்ணை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டு. பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அங்கேயே நின்றால் பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்று. கைக்காசு ஒன்றும் ஆகாது.

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார். அது இருக்கிற வரைக்கும் புது இன்ஜெக்டர் போடுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளிப் பூண் போடுகிற மாதிரி.

லாஸ்பேட்டை_அக்கா | ஞாயிறு, காலை 7.15

நான் போன வருஷம் எங்கள் ஆல்டோவில் இதைச் செய்தேன். வேலை பெரிதில்லை. என் அனுபவத்தில் ஆபத்து வண்டியைவிட வீட்டில்தான் அதிகம் இருந்தது.

ரயிலைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தேன், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வடிகிறது. மணி ஆறு. அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. மாமியார் சாம்பிராணிக் கரண்டியில் கனலோடு வாசலுக்கு வருகிறார், புகை காட்ட! நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள். பகலில், திறந்தவெளியில், வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டர், மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் வாளியை நம்ப வேண்டாம், பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

ஓம்விதி | ஞாயிறு, காலை 8.20

ஸ்பேனர் அண்ணன் சொன்ன இடமாற்றச் சோதனைதான் சரி. மின்சாரப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கப்ளரைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இந்த வகை இன்ஜெக்டரில் சாதாரணமாகப் பதினொன்றிலிருந்து பதினாறு ஓம் வரை இருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் சுற்றில் கோளாறு.

கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர் சார் நம்முடையது. தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு பார்த்திருக்கிறேன். ஓம் சரியாகக் காட்டும், ஓடும்போது கரன்ட் போகாது.

சத்தம் கேட்கும் வழி இன்னும் சுலபம். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடிக்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டை நுனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை | ஞாயிறு, மதியம் 1.10

எல்லாம் செய்தேன். காயிலை இடம் மாற்றினேன், பிளக்கை இடம் மாற்றினேன், பி0302 அசையவில்லை. ஓம் 12.1, 12.0, 12.2. கப்ளரில் களிம்பு இல்லை, ஆனால் இரண்டாவது கப்ளரின் பூட்டு நாக்கு என் விரலிலேயே ஒடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷச் சூட்டில் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கிறது. மூன்று இன்ஜெக்டரும் டிக் டிக் என்றுதான் அடிக்கிறது.

ஃபியூயல் ட்ரிம் என்று ஒன்று போனில் காட்டுகிறது. நீண்டகாலம் +18 சதவீதம். இது நல்லதா கெட்டதா?

ஓம்விதி | ஞாயிறு, மதியம் 1.45

அந்தப் பதினெட்டில்தான் கதையே இருக்கிறது. வழக்கத்தைவிட அவ்வளவு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடச் சொல்கிறது வண்டி என்று அர்த்தம்.

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று மட்டும்தான் முடிவு செய்யும். ஐடிலிங்கில் அது இரண்டு மூன்று மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் உண்மையில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் அதற்குச் செய்தி சொல்கிறது. அந்த சென்சாரோ மூன்று சிலிண்டர் புகையையும் கலந்துதான் முகர்கிறது.

மூன்று பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் இலை ஓட்டை. அம்மா சமையலறையிலிருந்தே பரிமாறச் சொல்கிறாள். "போதலை" என்று மட்டும் குரல் வருகிறது, யாருடைய குரல் என்று தெரியவில்லை. மூவருக்கும் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்கிறாள். மற்ற இரண்டு பேருக்கும் வயிறு முட்டுகிறது, அந்த ஒருவனுக்கு இன்னமும் பசி. உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். ஒன்றும் மூன்றும் அதிகமாகக் குடிக்கின்றன, இரண்டு பட்டினி. மைலேஜும் குறைந்திருக்குமே?

+5, -5க்குள் இருந்தால் கவலை இல்லை. பதினெட்டு அதிகம். ஆனால் மேனிஃபோல்டில் எங்காவது காற்றுக் கசிவு இருந்தாலும் இதே எண் வரும். இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், காய்ந்து போனாலும் வரும். ஆகவே இன்னும் ஒரு இடமாற்றம் பாக்கி: இரண்டாவது இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

ஸ்பேனர்12 | ஞாயிறு, இரவு 9.05

டிக் டிக் சத்தம் வருகிறது, தண்ணீர் போன வண்டி, ஆறு வாரம் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. ஊசி முனையில் துரு. இன்ஜெக்டருக்குள் தண்ணீர் நின்றால் அந்தச் சின்ன ஊசியும் அது உட்காரும் இடமும் முதலில் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இழுக்கும், சத்தம் வரும், திறப்பது பாதிதான்.

டேங்க் பார்த்தாயா? அதைச் சொல் முதலில்.

கெடிலக்கரை | திங்கள், இரவு 8.30

டேங்க் வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன் அண்ணே. இறக்கிக் காலி செய்து கொடுத்தார். அடியிலிருந்து வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். அரை மணியில் கோடு போட்ட மாதிரி பிரிந்தது. மேலே மஞ்சள், கீழே இரண்டு விரற்கடைக்குக் கலங்கல். அடியில் பொடி மணல் மாதிரி பழுப்பு வண்டல். அம்மா பார்த்துவிட்டு "பானகம் மாதிரி இருக்கே" என்றாள்.

ஓம்விதி | திங்கள், இரவு 9.00

கீழே பிரிந்தது வெறும் தண்ணீர் இல்லை, எத்தனாலும் சேர்ந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அது வரைக்கும் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்.

ஆர்வமிருந்தால் ஒரு விளையாட்டு. அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 80 மில்லி நல்ல பெட்ரோல், 20 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி நிறுத்துங்கள். கீழடுக்கு 20 மில்லியிலேயே நிற்காது, 30ஐத் தாண்டும். கூடிய அளவு எத்தனால். வெளியில் வைத்துச் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம்.

பலாக்கொட்டை | செவ்வாய், காலை 6.50

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பண்ருட்டியிலிருந்து. என்னுடையது 2012 ஸ்விஃப்ட் டீசல், ஸ்டார்ட்டிங்கில் டொக் டொக் என்று தட்டுகிறது, வெள்ளைப் புகை. இந்த இழையைப் பார்த்து எனக்கும் கை துறுதுறு என்கிறது. இன்ஜெக்டர் நாலும் நானே கழற்றலாமா?

ஸ்பேனர்12 | செவ்வாய், காலை 7.30

கூடாது. அந்தத் தம்பிக்குச் சரி சொன்ன அதே வாயால் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன்.

காமன் ரயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். உங்கள் இன்ஜின் வகையில் 1,400, 1,600 பார் வரை போகும். இன்ஜின் ஓடும்போது குழாயில் மயிரிழைக் கசிவு இருந்து, அதை விரலால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி யாருக்காவது ஆனால் மஞ்சள் பத்துப் போட்டு உட்காராமல் நேரே ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், "டீசல் உள்ளே பீய்ச்சியிருக்கிறது" என்று சொல்லியே காட்ட வேண்டும்.

அப்புறம், டீசல் இன்ஜெக்டர் ஹெட்டோடு கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். நெம்பினால் உடையும். அடியில் இருக்கும் செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும், பழையது உள்ளேயே தங்கியிருப்பது தெரியாமல் மேலே இன்னொன்று போட்டவர்களும் உண்டு. எல்லாம் முடிந்து, புது இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் திருத்த எண்ணை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் தட்டுச் சத்தம் அப்படியே இருந்துவிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ரிட்டர்ன் டெஸ்ட். இன்ஜெக்டர் தலையிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சின்னக் குழாயில் அழுத்தம் குறைவு. அந்த நாலையும் கழற்றி, நாலு தெளிவான டியூப் மாட்டி, நாலு பாட்டிலில் விட்டு, இன்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால் எது அதிகம் கசிகிறது என்று பார்த்தாலே தெரியும். நான் மருந்துக்கடை குளுக்கோஸ் டியூபில்தான் செய்கிறேன். உயர் அழுத்தக் குழாய் நட்டின் பக்கம் ஸ்பேனர் போகவே கூடாது.

பலாக்கொட்டை | செவ்வாய், காலை 7.41

குளுக்கோஸ் டியூப் வாங்கக் கிளம்பிவிட்டேன். நன்றி அண்ணே.

முள்ளோடை_தாண்டி | செவ்வாய், காலை 9.15

புது டர்போ பெட்ரோல் வண்டிக்கும் இதே மாதிரி வாசலில் செய்யலாமா?

ஸ்பேனர்12 | செவ்வாய், மதியம் 2.00

நேரடி இன்ஜெக்‌ஷன் என்றால் வேண்டாம். அதிலும் நூற்றுக்கணக்கான பார். முனையில் டெஃப்லான் வளையம், அதை ஏற்றிச் சுருக்குவதற்கே தனி டூல்.

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 5.20

இன்று செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்கு முன். பானட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சில வினாடி ஓடித் தானாக அணைந்தது. இன்னும் இரண்டு தடவை செல்ஃப் அடித்தேன். ரயிலில் அழுத்தம் இறங்கியது. பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன், பைக் ஹெல்மெட்டின் முன்கண்ணாடி மாதிரி ஒன்று அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. குழாய் இணைப்பைச் சுற்றிப் பழைய பனியன் துணி. அப்படியும் ஒரு கரண்டி பெட்ரோல் வந்தது.

ரயிலைத் தூக்குவதற்கு முன் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் குழியைப் பார்த்தேன். மூன்றையும் சுற்றி வெல்லப்பாகு மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் மணல். எங்கள் தெருவில் காற்றடித்தால் கடல் மணல்தான் வரும். அப்படியே உருவியிருந்தால் அந்த மணல் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போயிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, சைக்கிள் பம்ப்பால் ஊதி ஊதி எடுத்தேன். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. கம்ப்ரஸர் இல்லாதவர்களுக்கு சைக்கிள் பம்ப் போதும்.

இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் ரயில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு முனையையும் மாறி மாறி, மெதுவாக ஆட்டினேன், பால் பல்லை ஆட்டுகிற மாதிரி. "பொளக்" என்று ஒரு சத்தம், மூன்றும் ரயிலோடு வந்தன. எண்ணிப் பார்த்தேன். இன்ஜெக்டர் மூன்று, கீழ் ஓ-ரிங் இரண்டு. மூன்றாவது? குழிக்குள்ளேயே தங்கியிருந்தது. மூங்கில் பல்குச்சியால் நெம்பி எடுத்தேன். கையில் எடுத்ததும் வளையாமல் முறிந்தது, காய்ந்த வத்தல் மாதிரி. குழிகளில் உடனே சுத்தமான துணியை அடைத்துவிட்டேன்.

இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி, ஓ-ரிங் ஆறும் புதிதாகப் போட்டு மாட்டினேன். ரிலேயைப் போட்டு, பேட்டரியை இணைத்தேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஐந்து வினாடி விட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன். மூன்று தடவை. பம்ப் ஒவ்வொரு தடவையும் "உய்ங்" என்று அழுத்தம் ஏற்றும். மூன்றாவது தடவை பெட்ரோல் வாசனை. டார்ச் அடித்தால் முதல் இன்ஜெக்டர் தலையில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. அப்படியே ஆஃப் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கழற்றினேன். ஓ-ரிங்கில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல். காய்ந்த நிலையில் நுழைத்தது என் தப்பு.

மறுபடி மாட்டி ஓட்டினேன். பி0303. சிலிண்டர் மாறிவிட்டது! இன்ஜெக்டர்தான்.

ஸ்பேனர்12 | ஞாயிறு, மாலை 6.10

சாவியை மட்டும் ஆன் செய்து பார்த்தாயே, அதுதான் தம்பி வேலை. பலபேர் நேரே செல்ஃப் அடித்துவிடுவார்கள். சூடான இன்ஜின் மேல் அந்தச் சொட்டு விழுந்திருந்தால் வண்டியே போயிருக்கும்.

ஓ-ரிங்கை நுழைப்பதற்கு முன் புது இன்ஜின் ஆயிலில் ஒரு சொட்டு விரலில் தொட்டுத் தடவு. கிரீஸ் வேண்டாம், சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். நேராக, கட்டை விரலால் அமுக்கி இறக்கு, திருகித் திருகி நுழைக்காதே. ரயில் போல்ட்டை ஊன்றி இறுக்காதே, அலுமினியத்தில் மரை போய்விட்டால் அது தனிச் செலவு.

ஒடிந்த கப்ளர் பூட்டுக்குச் சின்ன கேபிள் டை போட்டுக்கொள். அழகில்லை, ஆனால் கழன்று வராது.

முள்ளோடை_தாண்டி | ஞாயிறு, மாலை 6.40

ஓ-ரிங்கெல்லாம் மோட்டார் பம்ப் கடையில் ஐந்து ரூபாய்க்கு டப்பா டப்பாவாகக் கிடைக்குமே. எதற்குப் பார்ட்ஸ் கடை?

லாஸ்பேட்டை_அக்கா | ஞாயிறு, இரவு 7.00

அந்த அறிவுரையை நானும் கேட்டு ஏமாந்தேன்! தண்ணீர்க் குழாய்க்கு வருகிற ரப்பரில் பல வகை பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். எனக்கு எட்டே நாளில் பணியாரம் மாதிரி வீங்கி, பிடிப்பு விட்டு, காருக்குள் வாசனை வந்தது. வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், எத்தனாலுக்கும் தாங்கும். வண்டிக்கான ஒரிஜினல் செட் வாங்கினால் இன்னும் நிம்மதி, மேல் வளையமும் கீழ் வளையமும் ஒரே அளவு இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

ஓம்விதி | ஞாயிறு, இரவு 8.15

இன்னொரு எச்சரிக்கை. இன்ஜெக்டரை நேரே 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து, கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்யும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. ஒயர் தொடும் இடத்தில் பொறி, பக்கத்திலேயே எரியும் ஸ்ப்ரே. வேண்டாம். தொடர்ந்து கரன்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் காயிலும் கருகும். பெஞ்சில் சோதிக்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். அளவுக் குழாயில் மூன்றும் எவ்வளவு ஊற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கெடிலக்கரை | புதன், இரவு 9.30

புதுச்சேரியில் ஒரு பம்ப், இன்ஜெக்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மூன்று கண்ணாடிக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் நிறைவதைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 58, 57, 39 மில்லி. நல்லது இரண்டும் குடை விரிந்த மாதிரி தூவுகிறது. கெட்டது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நூல் பிடித்த மாதிரி ஒழுகுகிறது. ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி போட்டு, மேலே இருக்கும் சின்ன ஃபில்டரையும் மாற்றி மறுபடி வைத்தார். நல்லது இரண்டும் 59, 59. கெட்டது 46. "இதுக்கு மேல வராது சார், துரு தின்னுடுச்சு" என்றார்.

இப்போது கேள்வி: ஒன்று மட்டும் மாற்றவா, மூன்றுமா? புதிது ஒன்று ஆயிரத்து எண்ணூறு சொல்கிறார்கள்.

ஸ்பேனர்12 | புதன், இரவு 9.50

மூன்றும் போடு. ஒரே வயசு இருந்தால்தான் ஒத்துப்போகும்.

ஓம்விதி | புதன், இரவு 10.10

அண்ணே, இதில் மட்டும் உங்களோடு உடன்படவில்லை. வயசு எதற்கு? அளவுதானே பார்க்கிறோம். பழையது இரண்டும் சுத்தம் செய்தபின் 59 ஊற்றுகின்றன. புதியதையும் அதே பெஞ்சில் வைத்து 58, 59 வந்தால் இசியூவுக்கு வித்தியாசமே தெரியாது. வராவிட்டால் அப்போது மூன்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்பேனர்12 | புதன், இரவு 10.22

பெஞ்சில் பார்த்துவிட்டுப் போடுகிறவனுக்கு நீ சொல்வது சரி. என்னிடம் வருகிறவர்கள் பெஞ்சுக்கு நூறு இருநூறு கொடுக்கக்கூட முகம் சுளிக்கிறார்கள், அதனால் மூன்று என்று சொல்லிப் பழகிவிட்டது. தம்பி, ஒன்று போதும். பெட்டியில் ஹோலோகிராம் பார்த்து வாங்கு. போலி நிறைய வருகிறது, முனைத் துளையே எண்ணிக்கையில் வித்தியாசப்படும்.

கெடிலக்கரை | ஞாயிறு, மதியம் 12.05

ஒன்றுதான் வாங்கினேன். பெஞ்சில் 58. இந்தத் தடவை ரயிலைக் கழற்றி மாட்ட ஐம்பது நிமிடம். ஆயில் தொட்டுத் தடவியதும் ஓ-ரிங் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. சாவி ஆன், ஆஃப், ஆன். டிஷ்யூ பேப்பரால் ஆறு இடத்தையும் ஒற்றிப் பார்த்தேன், ஈரமில்லை.

பழைய ட்ரிம் கணக்கை அழித்துவிட்டு, கெடிலம் பாலம் தாண்டி முதுநகர் வரை ஒரு ஓட்டம். டேஷ்போர்டு மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன், ஐடிலிங்கில் வட்டம்கூட விழவில்லை. ட்ரிம் +3. விளக்கு எரியவில்லை. டேங்க் வேலை, பெஞ்ச், இன்ஜெக்டர், இரண்டு செட் ஓ-ரிங் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நூறு ஆயிற்று.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு முழு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்த வீணாப்போன ஊசிய தூக்கிப் போடாத, எடுத்து வை" என்றார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

ஓம்விதி | ஞாயிறு, மதியம் 12.40

எனக்குக் கொடுங்கள் சார்! நான் ஐடிஐயில் பாடம் எடுக்கிறேன். நீளவாக்கில் அறுத்து, உள்ளே துரு எங்கே பிடித்திருக்கிறது என்று பசங்களுக்குக் காட்ட வேண்டும். படத்தில் எத்தனை தடவை காட்டினாலும் ஏறுவதில்லை.

கெடிலக்கரை | ஞாயிறு, மதியம் 12.55

அப்பாவிடம் கேட்டேன். "அறுக்கறதுன்னா நானும் வந்து பாக்கறேன்" என்கிறார். தையல் பிரித்துவிட்டார்கள், நடக்கலாம். எந்தக் கிழமை வரட்டும்?